சரங்கானில் வாங்கிய சாது

என் இடது கட்டைவிரலில் ஏழு தையல். கேட்பவர்களிடம் பதினேழு என்று சொல்லிவருகிறேன். அடுத்த ஆண்டுக்குள் இருபத்தேழு ஆகிவிடும். தையல் போட்ட டாக்டர், "உடும்பா கடிச்சுது?" என்று கேட்டார்.

"பல்லு உடும்போடது டாக்டர். கடிச்சது முகியோ" என்றேன்.

ஜாவாவின் மதியுன் ரயில்வேயில் முகியோ எஞ்சின் டிரைவர், நான் கார்டு. இருபத்தாறு வருடம் ஒரே ரயில். அவர் எல்லாருக்கும் முன்னால், நான் எல்லாருக்கும் பின்னால். வரப்போகிற ஊரை அவர் பார்ப்பார், போய்விட்ட ஊரை நான் பார்ப்பேன். ஒரு ஸ்டேஷனில் மாலை மரியாதையோடு வரவேற்பு கொடுத்தார்கள் என்றால், என் பெட்டி பிளாட்பாரத்துக்கு வந்து சேர்வதற்குள் மாலை வாடி, வாழைப்பழம் தீர்ந்து, மேளக்காரர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முகியோ என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் மாஸ், அதாவது அண்ணன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரே தெரு, எதிரெதிர் வீடு.

எங்கள் தெரு ஆற்றை ஒட்டியது. ஆற்றில் மீனைவிட உடும்பு அதிகம். அதனால் ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தின ஊர்வலத்தில் பக்கத்துத் தெரு காகித ரயிலோடு வரும், அதற்கடுத்த தெரு மூங்கில் டிராகனோடு வரும், நாங்கள் மட்டும் உயிருள்ள உடும்போடு போவோம். ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். மேளம், கொடி, அலங்கார வண்டி, தெருத் தலைவி எல்லாம் அவருக்குப் பின்னால்தான். பதினோரு வருடமாக அந்த ஒருவர் முகியோ. அவருடைய உடும்பின் பெயர் ஜெனரல். ஒரு வருடம் அதன் மூக்குக்கு அடியிலேயே பட்டாசு வெடித்தது. ஜெனரல் ஒரு கண்ணைத் திறந்து புகையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவு சாது. அந்த ஜெனரல் பிப்ரவரியில் வயதாகிச் செத்துப்போனது.

ஜூனில் தெருக் கூட்டம். மரியாதைக்குப் பெண்களை இபு என்போம், ஆண்களைப் பாக் என்போம். தலைவி இபு ஹெர்மின் நோட்டைத் திறந்து, "இந்த வருஷம் யாரு முன்னால நடக்கறது?" என்று கேட்டதுமே முகியோ எழுந்தார்.

"என் முழங்கால் முன்ன மாதிரி இல்லே. இத்தனை வருஷம் நானே நடந்தாச்சு. இந்தத் தடவை டர்மஜி நடக்கட்டும்."

டர்மஜி என்பது நான்தான். அறுபத்திரண்டு வருட வாழ்க்கையில் என்னை முன்னால் போகச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். என் கல்யாண ஊர்வலத்தில்கூட மாமனார்தான் முன்னால் போனார்.

"சரி மாஸ். நடக்கறேன்" என்றேன். தேநீர் இன்னும் வரவில்லை. நான் சொல்லி முடித்ததும் அறையில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் அப்பளத்தைக் கடிக்கப் போனவர் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். எல்லாம் மகிழ்ச்சி என்றே நினைத்தேன்.

இபு ஹெர்மின் மட்டும் சட்டென்று காரியத்துக்கு வந்தார். "நல்லது பாக் டர்மஜி. ஆனா ஒண்ணு. போன வருஷம் கீழத்தெரு பாம்பு பிள்ளைங்களைப் பயமுறுத்தி, அந்தத் தெருவையே ஊர்வலத்துல இருந்து எடுத்துட்டாங்க. பெரிய உடும்பா இருக்கணும், பரம சாதுவா இருக்கணும். ஊர்வலத்துக்கு ஒரு வாரம் முன்னாடி பேட்மின்டன் திடல்ல வச்சுப் பாப்போம். மேளம் அடிப்போம், கூட்டம் கூடும், நான் தொட்டுப் பாப்பேன். அடங்கி இருந்தா நீங்க முன்னால. இல்லேன்னா வேற ஏற்பாடு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். ருமினி, என் மனைவி, மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"உடும்பா? எங்க வைப்பீங்க?"

"குளியலறைக்குப் பக்கத்துல."

"அப்ப நான் எங்க குளிக்கறது, ஆத்துலயா? அங்கயும் உடும்புதானே இருக்கு!"

"சாதுவா பாத்துதான் வாங்குவேன் ருமினி. மாஸ் கூட வர்றாரு. உடும்பு பாத்து வாங்கறதுல அவரை அடிச்சுக்க இந்த ஜாவாவுலயே ஆள் இல்லே."

"அதுதான் எனக்குப் பயம்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் விடிந்ததும் முகியோவின் மோட்டார் சைக்கிளில் சரங்கானுக்கு ஏறினோம். லாவு மலையில் அந்த மாதத்துக் குளிர் எப்படி என்றால், நான் வாயைத் திறந்து 'மாஸ்' என்றதும் அந்தச் சொல் காற்றிலேயே உறைந்து நின்றது. திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றிருந்தது. மதியுனிலேயே நாலு பேர் உடும்பு விற்கிறார்களே, எதற்கு மலைக்குப் போகிறோம் என்று கேட்டேன்.

"கீழ விக்கறவன் எல்லாம் திருடன். வாகிடி நம்ம ஆளு" என்றார்.

வாகிடி ஏரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உடும்பு வளர்ப்பவன். உடம்பில் மூன்று ஸ்வெட்டர், தலையில் கம்பளித் தொப்பி. எங்களைக் கண்டதும் முகியோவைப் பார்த்துச் சிரித்தான், என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மூன்று கூண்டுகள் இருந்தன.

முதல் கூண்டைத் திறந்ததும் உள்ளிருந்த உடும்பு தொண்டையைத் தவலை மாதிரி ஊதிக்கொண்டு சீறியது. நானே மூடிவிட்டேன்.

இரண்டாவதற்கு ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் பல்பு எரிந்தது. அதன் சூட்டில் கிடந்த உடும்பு எழுந்து வந்து, பிளந்த நீல நாக்கை நீட்டி என் விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தது. மணிக்கட்டுக்கு வந்து கைக்கடிகாரத்தைத் தொட்டது. பிறகு முன்னங்காலை என் உள்ளங்கையில் வைத்தது. நகம் பதியவில்லை.

"மாஸ், இதைப் பாருங்களேன். கை குலுக்குது!"

"குலுக்கலே. சோதனை போடுது" என்றார் முகியோ. "நாக்கு நிக்குதா பாரு. ஒரு இடத்துல இருக்கா பாரு. ஓயாம நோண்டற பிராணி கூட்டத்துல சும்மா இருக்குமா? முதல்ல மேளக்காரன் காதை நோண்டும், அப்புறம் இபு ஹெர்மின் காதை நோண்டும். வேண்டாம்டா டர்."

மூன்றாவது கூண்டு மூலையில், இருட்டில் இருந்தது. உள்ளே கிடந்ததை நான் முதலில் மரக்கட்டை என்று நினைத்தேன். என் உயரத்தைவிட ஒரு முழம் நீளம். இல்லை, இரண்டு முழம். கண் மூடியிருந்தது. வயிறு அரிசிமூட்டை மாதிரி புடைத்திருந்தது. முகியோ அதன் வாலைத் தூக்கினார், போட்டார். காலை இழுத்தார், விட்டார். தலையைத் தட்டினார். அது தியானத்தில் இருந்தது.

"இதுக்குப் பேரு சாது" என்றார் முகியோ மெல்லிய குரலில், பள்ளிவாசலில் பேசுவது போல. "ஜெனரலுக்கு அண்ணன்."

தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரி சில்லென்று இருந்தது.

"இவ்வளவு குளிர்ச்சியா இருக்கே மாஸ்?"

"குணம் குளிர்ச்சிடா."

வாகிடி திரும்பி நின்று தகரத்தைப் பார்த்தான். அவன் முதுகு குலுங்கியது. மூன்று ஸ்வெட்டர் போட்டும் குளிர் தாங்கவில்லை போலும் என்று இரக்கப்பட்டேன்.

இரண்டாவது கூண்டை இன்னொரு முறை பார்த்தேன். அந்த உடும்பு கம்பி வழியாக நாக்கை நீட்டி நான் நின்ற பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் இருபத்தாறு வருடம் அவர் ஊதிய ஹாரனுக்குக் கொடி காட்டிப் பழகிய கை இது. மூன்றாவதைக் காட்டினேன்.

அதற்கு சபார் என்று பெயர் வைத்தேன். பொறுமை என்று அர்த்தம். ஈரச் சாக்கில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மாகெத்தான் தாண்டியதும் வெயில் ஏறியது. சாக்குக்குள் ஏதோ ஒன்று மெல்ல நெளிந்தது. மதியுன் எல்லையில் சாக்கு என் தொடையைக் கிள்ளியது.

"மாஸ், கிள்ளுது!"

"பழகுதுடா."

இறங்கும்போது முகியோ எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னார். "சோதனை நாள் வரைக்கும் ஒண்ணும் போடாதே. தின்னா மதர்ப்பு வரும். பசிச்ச உடும்புதான் சொன்ன பேச்சு கேக்கும்."

கேட்டேன். பதினோரு நாள் ஒரு முட்டைகூடப் போடவில்லை.

இரண்டாம் நாள் சபார் கண்ணைத் திறந்தது. அதற்குப் பிறகு மூடவே இல்லை. நான் எழுந்தால் பார்த்தது, உட்கார்ந்தால் பார்த்தது, பெச்செல் சோறு சாப்பிட்டால் என் தட்டையும் என் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தது. நான்காம் நாள் வாலால் ஒரு வீச்சு வீசியது. பிளாஸ்டிக் வாளி இரண்டாகப் போனது. ஆறாம் நாள் அந்த வால் என் முன்கையில் விழுந்தது. தழும்பை மறைக்க, ஆகஸ்ட் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

முகியோ காபி குடித்துக்கொண்டிருந்தார். என் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் ஏதோ ஓடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று சொன்னது இதுதான்: "பாசம் வந்துடுச்சுடா அதுக்கு. சோறு கீறு போட்டுக் கெடுத்துடாதே."

ருமினி என் கைக்கு எண்ணெய் தடவினாள். "இத்தனை நாளு உங்களைப் பட்டினி போட்டா நீங்க சாதுவா இருப்பீங்களா?"

"நான் உடும்பு இல்லையே."

"அதுக்குக்கூட அந்தப் பசி புரியுது. உங்களுக்குத்தான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பேட்மின்டன் திடலில் தெருவே கூடியிருந்தது. மேளக்காரர்கள், பலூன்கள், ஓரத்தில் மேசை போட்டு, கூட்டம் முடிந்ததும் சாப்பிட வறுத்த கோழி, அவித்த முட்டை, டெம்பே. முகியோ மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சபாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். வெயில் அதன் முதுகில் விழுந்தது. என் தோளில் ஒரு எஞ்சின் சூடாவது எனக்கே தெரிந்தது.

இபு ஹெர்மின் கையை நீட்டினார். "ஏன் பாக், இது இப்படிப் பாக்குது?"

"பாசம் இபு" என்றேன்.

மேளத்தில் ஒரே ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள், அதனால் குறைத்தே சொல்கிறேன். சபார் என் முதுகில் இறங்கி, மார்பில் ஏறி, என் தலைமேல் நின்று, நான்கு திசையையும் பார்த்தது. பதினோரு நாளாக எதுவும் தின்னாத வயிற்றில் இருந்து எப்படி வந்தது என்று தெரியாத ஒன்றை என் சட்டைக் காலருக்குள் விட்டது. பிடிக்கப் போன என் கட்டைவிரலைக் கடித்தது. பிறகு பறந்தது. ஆமாம், பறந்தது. மேசையில் இறங்கி முழுக் கோழி ஒன்றை விழுங்கி, முட்டைத் தட்டை இழுத்துக்கொண்டு வலைக்கு அடியில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியது. தெருவே நாற்காலிமேல் நின்றது. முகியோ மட்டும் நாற்காலியில் இல்லை.

அவர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் விரலைக் கைக்குட்டையில் சுற்றி முடிப்பதற்குள் திரும்பி வந்தார். தோளில் ஜெனரல்.

பிப்ரவரியில் செத்த ஜெனரல். பாடம் செய்து, வார்னிஷ் பூசி, கண்ணாடிக் கண் வைத்து, கழுத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை கட்டியிருந்தது. பட்டையில் தெருவின் பெயரும் இந்த ஆண்டின் எண்ணும் தங்க நூலில் தைத்திருந்தது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பட்டை, ஒரு சுருக்கம் இல்லை.

"அவசரத்துக்கு இது உதவுமான்னு பாருங்க" என்றார் அடக்கமாக.

இபு ஹெர்மின் ஜெனரலின் முதுகைத் தொட்டார். அது அசையவில்லை. "இதைவிட சாது கிடைக்குமா? ஊர்வலத்துல பாக் முகியோ முன்னால" என்று நோட்டில் எழுதிவிட்டார். கைதட்டினார்கள்.

நான் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்க நூல் எழுத்தை அவசரத்துக்குத் தைக்க முடியாது.

தையல் போட்டுக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஜெனரலை மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப பாடம் செஞ்சீங்க?"

"மார்ச்ல."

"பட்டை?"

"ஏப்ரல்."

"கூட்டம் நடந்தது ஜூன்ல, மாஸ். நீங்கதானே எழுந்து என் பேரைச் சொன்னீங்க? யாரு கேட்டா உங்களை?"

துணியைக் கீழே வைத்தார். "நான் சோலோக்காரன் டர். எங்க ஊர்ல ஒருத்தன் 'நீ நட'ன்னு சொன்னா, மத்தவன் 'ஐயோ, நான் எங்க, நீங்கதான் நடக்கணும்'ங்கணும். மறுபடி சொன்னா மறுபடி மறுக்கணும். மூணு தடவை. முதல் தடவை மரியாதைக்குக் கேக்கறது. ரெண்டாவது பிரியத்துக்கு. மூணாவது தடவையும் கேட்டாத்தான் நிஜமாக் கேக்கறான்னு அர்த்தம். நீ மறுப்பே, எல்லாரும் என்னையே வற்புறுத்துவாங்க, நான் வேற வழியில்லாம ஒத்துப்பேன்னு இருந்தேன். நீ தேத்தண்ணி வர்றதுக்குள்ள சரின்னுட்டே! இருபத்தாறு வருஷம் என் கூட இருந்தும் அது தெரியலையா உனக்கு? அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலே. முதுகுல குத்தினது நீதான்."

"நான் சுரபாயாக்காரன்! எங்க ஊர்ல ஒருத்தன் 'சாப்பிடு'ன்னா சாப்பிடுவோம். வந்து 'டர், எனக்கே நடக்கணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேனே."

"கொடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"அந்த ரெண்டாவது கூண்டு" என்றேன். "கையில காலை வச்சுதே. அதுதானே நிஜ சாது?"

"அதுதான்" என்றார். தலையைத் தூக்கவில்லை. "பயம் இல்லாத உடும்புதான் நாக்கால தொட்டுப் பாக்கும். நீ வாங்கினதுக்கு வாகிடி முந்தின நாள் அரை கிலோ கோழி போட்டிருந்தான். சரங்கான் குளிர்ல, தின்ன வயித்தோட, எந்த உடும்பும் சாதுதான்."

"அதைக் கீழ கொண்டுவந்து பட்டினியும் போடச் சொன்னே நீ."

நீ என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடத்தில் முதல் முறை. இருவருமே அதைக் கேட்டோம். அவர் துணியை எடுத்து ஜெனரலின் கண்ணாடிக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்தேன்.

அந்த வாரம் எதிரெதிர் வீடுகளின் ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. சபாருக்கு ருமினி தினம் முட்டையும் கோழிக் கழுத்தும் போட்டாள். வெயிலில் கிடக்க விட்டாள், உள்ளே போக நிழலும் வைத்தாள். நாலாம் நாள் அது அவள் புடவை மாதிரி நீளமான சாரோங்கை நாக்கால் தொட்டுப் பார்த்தது. அவள் அசையாமல் நின்றாள். "பாருங்க, இது ஒண்ணும் கெட்டது இல்லே" என்றாள். என்னைக் கண்டால் மட்டும் இன்னும் தொண்டையை ஊதியது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பட்டினி போட்ட கை என்னுடையது.

ஆகஸ்ட் பதினேழு. நான் போவதில்லை என்றே இருந்தேன். ஆனால் மேளம் தெருவுக்குள் வந்ததும் கால் தானாகக் கேட் வரை போய்விட்டது. முன்னால் முகியோ, தோளில் ஜெனரல், ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து. முழங்கால் வலி மட்டும் பொய் இல்லை போலிருக்கிறது.

என் கேட்டுக்கு நேராக வந்ததும் கையைத் தூக்கி ஊர்வலத்தை நிறுத்தினார். மேளம் நின்றது. பின்னால் இபு ஹெர்மின் எட்டிப் பார்த்தார். ஜெனரலைத் தோளில் இருந்து இறக்கி, இரண்டு கையாலும் என் முன்னே நீட்டினார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"வா டர். நீ முன்னால நட."

தெருவே பார்த்தது. என் கை இரண்டும் முன்னால் போகத் துடித்தன. ஆனால் இந்த முறை நான் ஏமாறுகிறவன் இல்லை. பாடம் படித்துவிட்டேன், அதுவும் ஏழு தையல் கொடுத்து.

"ஐயோ, நான் எங்க மாஸ்? நீங்கதான் நடக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றேன் டர். நட வா."

"வேண்டாம் மாஸ். உங்களுக்குத்தான் அந்த இடம்."

மூன்றாவதற்குக் காத்திருந்தேன். அவர் உதடு அசைந்தது. கண் கலங்கியிருந்ததா, வேர்வை விழுந்ததா, தெரியவில்லை. பிறகு ஜெனரலை மெல்லத் தோளில் ஏற்றிக்கொண்டார், தலையை ஒரு முறை ஆட்டினார், நடந்தார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

ருமினி பின்னால் வந்து நின்றாள். "ரெண்டு தடவை கேட்டாரே. சரின்னு சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவைன்னு அவர்தானே சொன்னாரு! அவர் சட்டம்தானே அது!" என்று கத்தினேன். மேளத்தில் அவளுக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

கொடி போனது, அலங்கார வண்டி போனது, இபு ஹெர்மின் எனக்குக் கையசைத்துக்கொண்டே போனார். நான் கேட்டைப் பிடித்தபடி, கூட்டத்துக்கு மேலே தெரிந்த ஜெனரலின் வார்னிஷ் வாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருமுனை வருவதற்குள் அவர் ஒரு முறை திரும்பினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம், ஓடிப் போய்விடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

வால் மட்டும் தெருமுனையில் திரும்பியது.